ஏட்டில் இல்லாத வாகனம் வீதிக்கு உதவாது

பலெர்மோவில் வாழும் எம்மவருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. மொந்தெல்லோக் கடற்கரைப் பக்கத்து வீடுகளிலும் லிபெர்த்தா வீதியின் தொடர்மாடிகளிலும் வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செல்வோர், காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, மாலையில் வேறொரு வீடு என்று நகரின் குறுக்கும் நெடுக்குமாக ஓடவேண்டியிருக்கிறது. உணவகங்களில் பாத்திரம் கழுவி முடித்து நள்ளிரவில் வெளியே வருவோருக்கு பஸ் கிடைப்பது அரிது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரமோ கூலியில்லாத நேரம். ஆகவேதான் முதற் சம்பளங்களில் மிச்சம் பிடித்துப் பழைய 'மொத்தோரினோ' ஒன்றையோ 125 சிசி ஸ்கூட்டர் ஒன்றையோ வாங்குவது, எண்பதுகளின் பிற்பகுதியில் இங்கு வந்து சேர்ந்தோர் முதல் அண்மையில் வந்த இளைஞர் வரை பலரும் நடந்த வழியாக இருக்கின்றது.

புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. பழையதே கைக்கெட்டும். அந்தப் பழையது இதே நகரில் கிடைக்கலாம். மிலானோவிலோ நாப்போலியிலோ இருக்கும் நண்பரிடம் கிடைக்கலாம். ஜேர்மனியில் வாழும் மைத்துனர் தமது வண்டியை மாற்றும்போது, "நீர் எடும்" என்று தந்துவிடவும் கூடும். வண்டி கைக்கு வந்த பின்னரே கேள்வி எழுகின்றது. இதனை எமது பெயரில் பதிவது எங்ஙனம்? பதியாமல் ஓடினால் என்ன? பதிவதற்கு எம்மிடம் போதிய பத்திரங்கள் இல்லையெனில் என் செய்வது? இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம்

முதலில் எமது ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. இலங்கையில் 'ஓப்பின் பேப்பர்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் அதனை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமலே வைத்துக்கொண்டு ஓடுவார். பின்னர் அதே படிவத்தோடு இன்னொருவருக்கு விற்பார். வண்டி நான்கு கை மாறிய பின்னும் புத்தகத்தில் முதலாமவர் பெயரே இருக்கும். போர்க்காலத்தில் இது வெறும் சோம்பலால் நேர்ந்ததன்று. பதிவு செய்யும் திணைக்களம் கொழும்பில்; வண்டியோ யாழ்ப்பாணத்தில்; இடையில் பாதை இல்லை. 1990இல் எரிபொருள் தடை வந்தபின், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை எம்முடையது. வண்டியை ஓடச் செய்வதே பெரும்பாடாக இருந்த காலத்தில் புத்தகத்தை யார் பார்த்தார்?

அந்தப் பழக்கம் இத்தாலியில் பொருந்தாது. இங்கு வாகனத்தின் மீது விதிக்கப்படும் வரி, தண்டப்பணம், விபத்தினால் வரும் நட்டஈட்டுப் பொறுப்பு யாவும் பதிவேட்டில் உள்ள பெயரைத் தேடியே செல்லும். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது' என்பது எமது பழமொழி. இந்நாட்டில் ஏட்டில் இல்லாத வாகனம் வீதிக்கு உதவாது.

பதிவேடுகளும் அலுவலகங்களும்

இத்தாலியில் மோட்டார் வாகனத்துக்கு நெடுங்காலமாக இரண்டு பத்திரங்கள் இருந்து வந்தன. ஒன்று, வாகனம் வீதியில் ஓடத் தகுதியானது என்பதைக் காட்டும் 'லிப்ரெத்தோ'. இதனை வழங்குவது 'மொத்தோரிசாசியோனே' என்னும் மோட்டார் வாகன அலுவலகம். மற்றையது, வாகனம் இன்னாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டும் உரிமைப் பத்திரம். இது 'பி.ஆர்.ஏ' எனப்படும் பொது வாகனப் பதிவேட்டைச் சார்ந்தது. இப்பதிவேடு 1927ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இதனை நடத்துவது 'ஆச்சி' என்று சுருக்கமாக வழங்கும் இத்தாலிய மோட்டார்க் கழகம்.

2015 ஒக்டோபரில் உரிமைப் பத்திரம் கடதாசியிலிருந்து கணினிக்கு மாறியது. பின்னர் 2017இல் இயற்றப்பட்ட சட்ட ஆணையின்படி இரண்டு பத்திரங்களும் ஒன்றாக்கப்பட்டு, 2020 ஜனவரி முதல் படிப்படியாக 'தொக்குமெந்தோ ஊனிக்கோ' என்னும் ஒற்றைப் பத்திரம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய வண்டி ஒன்றை வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு பத்திரங்கள் இருக்கலாம், அல்லது ஒன்றே இருக்கலாம். உரிமை மாறும்போது பழையவை நீக்கப்பட்டு, வாங்குபவர் பெயரில் ஒற்றைப் பத்திரம் வழங்கப்படும்.

இவ்விரு அலுவலகங்களுக்கும் முன்னால் இன்னொரு வாசல் உண்டு. அதுவே மாநகரசபையின் குடிப்பதிவேடாகிய 'அனாக்ராஃபே'. வாகனத்தைப் பதிய விரும்புபவர் தாம் எங்கு வாழ்கின்றார் என்பதைக் காட்டவேண்டும். வரி இலக்கம், செல்லுபடியான அடையாளப் பத்திரம், 'சொஜோர்னோ' என்று நாம் சொல்லும் வதிவிட அனுமதி அல்லது அதனைப் புதுப்பிக்கக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு ஆகியனவும் தேவை. வாகனத்தின் பதிவு, மனிதனின் பதிவுக்குப் பின்னரே வருகின்றது. இதனை ஏன் வலியுறுத்துகின்றோம் என்பது பின்னர் விளங்கும்.

இத்தாலிக்குள் வாங்குவதாயின்

வண்டி இத்தாலியின் வேறு மாகாணத்தில் பதியப்பட்டதாயின் அதற்காக அஞ்சவேண்டியதில்லை. 1994 வரை இங்கு மகிழுந்துகளின் இலக்கத் தகட்டில் மாகாணத்தின் குறியெழுத்துகள் இருந்தன. பலெர்மோ வண்டியை அதன் 'பி.ஏ' என்ற எழுத்துகளைக் கொண்டே அறியலாம். மிலானோ வண்டியைக் கொண்டுவந்து இங்கு பதிந்தால் தகட்டையே மாற்றவேண்டும். இந்தியாவில் இந்நிலை இன்றும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய இலக்கம் பெறவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. இத்தாலியிலோ இப்போது தகடு நாடு முழுவதற்கும் பொது. தொரீனோவில் வாங்கிய ஸ்கூட்டர், ஜெனோவாவில் கப்பலேறிப் பலெர்மோத் துறைமுகத்தில் இறங்கினாலும் அதே தகட்டுடன் ஓடலாம். மாறவேண்டியது பெயர் மட்டுமே.

பணத்தைக் கொடுக்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. வண்டியின் இலக்கத்தைக் கொடுத்து, பதிவேட்டின் பிரதியாகிய 'விசூரா'வைப் பெறுதல் வேண்டும். சிறு கட்டணத்துக்கு எவரும் இதனைப் பெறலாம். உண்மையான உரிமையாளர் யார், வண்டியின் மீது அடைமானம் உண்டா என்பன அதில் தெரியும். எல்லாவற்றிலும் முக்கியமாகப் பார்க்கவேண்டியது 'ஃபேர்மோ' என்னும் தடைக் குறிப்பு. பழைய உரிமையாளர் வரியையோ தண்டப்பணத்தையோ கட்டாது விட்டால் அரசு வாகனத்தின் மீது இத்தடையைப் பதிந்துவிடும். அத்தகைய வண்டியை விற்கலாம், வாங்கலாம். ஆனால் வீதியில் ஓட்ட முடியாது. மலிவாகக் கிடைக்கும் வண்டிகளில் இத்தகையனவும் உண்டு. வாங்கியவர் மற்றவரின் கடனைத் தீர்த்தாலன்றி வண்டியை நகர்த்த இயலாது.

அடுத்ததாக, வண்டியின் செசி இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். எண் தேய்ந்திருந்தாலோ பத்திரமே இல்லையென்று விற்பவர் கூறினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருப்பினும் விலகிவிடுவதே நன்று. களவுப் பொருளை வாங்கியதாக ஒரு வழக்கு வந்தால், இழப்பது வண்டியோடு நின்றுவிடாது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வேளையிலும் அது குறுக்கே நிற்கக்கூடும்.

இவை சரியாயின் உரிமை மாற்றத்துக்குச் செல்லலாம். இதனை இங்குள்ளோர் 'பசாஜ்ஜோ' என்பர். விற்பவரின் கையொப்பம் அத்தாட்சிப்படுத்தப்பட வேண்டும். முற்காலத்தில் இதற்கு நொத்தாரிசிடம் செல்லவேண்டியிருந்தது, செலவும் அதிகம். 2006இல் வந்த பெர்சானி ஆணைக்குப் பின் மாநகரசபையிலும், வாகனப் பதிவேட்டு அலுவலகத்திலும், அனுமதி பெற்ற 'அஜென்சியா'க்களிலும் 16 யூரோ முத்திரையுடன் இதனைச் செய்துகொள்ளலாம். கையொப்பம் அத்தாட்சியான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் பெயர் மாற்றம் பதியப்பட வேண்டும். தவறினால் தண்டப்பணம் நூற்றுக்கணக்கான யூரோவாகும், பத்திரமும் பறிமுதலாகும். மகிழுந்துகளுக்கு விதிக்கப்படும் மாகாணப் பதிவு வரி சாதாரண மோட்டார் சைக்கிள்களுக்கு இல்லை என்பது ஏழைகளுக்கு ஓர் ஆறுதல்.

50 சிசி மொத்தோரினோவின் விதி வேறு. அது பொது வாகனப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. 2006 ஜூலையில் தொடங்கிய முறைப்படி அதன் இலக்கத் தகடு வண்டிக்குரியதன்று, ஆளுக்குரியது. விற்பவர் தமது தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, மோட்டார் வாகன அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். வாங்குபவர் தமது பெயரில் தகடும் பத்திரமும் பெறவேண்டும். ஆகவே தகட்டோடு சேர்த்து மொத்தோரினோவை விற்பதாக எவரேனும் கூறினால், அவர் தமது பெயரையே இரவல் கொடுக்கின்றார் என்று பொருள்.

எந்த வண்டியை வாங்குவது என்பதைச் சாரதி அனுமதிப் பத்திரமும் தீர்மானிக்கின்றது. மகிழுந்துக்கான 'பி' வகுப்புப் பத்திரம் வைத்திருப்போர், 125 சிசிக்கும் 11 கிலோவாற்றுக்கும் மேற்படாத மோட்டார் சைக்கிளை இத்தாலிக்குள் ஓட்டலாம். அதற்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி வகுப்பில் பரீட்சை எழுதவேண்டும். மைத்துனர் தரும் 600 சிசி வண்டியைக் கண்டு மகிழுமுன் இதனை நினைவிற் கொள்க.

எல்லைக்கு அப்பாலிருந்து வருவதாயின்

எமது உறவுகள் ஒரு நாட்டில் இல்லை. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், லண்டன் என்று சிதறிக் கிடக்கின்றன. வண்டி எந்த நாட்டிலிருந்து வருகின்றது என்பதைப் பொறுத்தே வேலையும் செலவும் அமையும்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வாகனப் பத்திரங்கள் 1999ஆம் ஆண்டின் நெறியாணை ஒன்றினால் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்டன. மொழி வேறாயினும் குறியெழுத்துகள் ஒன்றே. 'ஏ' என்பது இலக்கத் தகட்டின் எண்; 'பி' என்பது முதற் பதிவின் நாள்; 'ஈ' என்பது செசி இலக்கம்; 'பி.1' இயந்திரத்தின் கொள்ளளவு, 'பி.2' அதன் வலு. இங்கு முற்கூறிய 'பி' ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து. பிற்கூறியது பதினாறாம் எழுத்து. ஜேர்மன் மொழி அறியாதவரும் இவ்வெழுத்துகளைக் கொண்டு தாம் வாங்குவது எது என்று அறியலாம். ஜேர்மனியில் வாகனப் பத்திரம் இரண்டு பாகங்களாக வழங்கப்படுகின்றது. இரண்டும் கைக்கு வரவேண்டும். முதற் பாகம் மட்டுமே வந்தால், இரண்டாவது எங்கே என்று கேட்டேயாகவேண்டும். கடன் கொடுத்தவரிடம் அது அடைவாக இருத்தலும் கூடும்.

இவற்றோடு, வண்டி ஐரோப்பிய தரத்துக்கு அமைந்தது என்று உற்பத்தியாளர் வழங்கும் சான்றிதழ் இருந்தால் வேலை இலகுவாகும். அஃதில்லையெனில் தொழில்நுட்பத் தரவுகளைத் தேடிப்பெற்று, மோட்டார் வாகன அலுவலகத்தின் சோதனைக்கும் உட்படவேண்டி வரலாம். விற்பனை உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். உறவினர் இலவசமாகத் தந்தாலும் அதனை எழுதிக் கையொப்பமிட்டுப் பெறுவதே முறை.

வரி பற்றியும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒன்றியத்துக்குள் பழைய வண்டி வாங்கும் தனியாள் இங்கு மீண்டும் பெறுமதி சேர் வரி கட்டவேண்டியதில்லை. ஆனால் முதற் பதிவிலிருந்து 6 மாதம் கழியாத, அல்லது 6,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத வண்டி சட்டத்தின் கண்ணில் 'புதியது'. இரண்டில் ஒன்று பொருந்தினாலும் போதும். எட்டு ஆண்டுகள் கொட்டிலில் உறங்கி 5,000 கிலோமீற்றரே ஓடிய வண்டியும் புதியதே. அதற்கு இத்தாலியில் 22 வீத வரி உண்டு. பழையதாயினும், வரி கட்டவேண்டியதில்லை என்பதை வரித் திணைக்களம் சரிபார்த்த பின்னரே பதிவு நடைபெறும்.

சுவிற்சர்லாந்து ஒன்றியத்துக்கு வெளியே உள்ளது. அங்கிருந்து வரும் வண்டி சுங்கத்தைக் கடந்தே வரவேண்டும். சுங்கப் பத்திரம் இன்றிப் பதிவு இல்லை. அங்கு 12 மாதமேனும் வாழ்ந்து, தாம் 6 மாதமேனும் பயன்படுத்திய வண்டியோடு இத்தாலிக்குக் குடிபெயர்ந்து வருவோருக்குச் சலுகை உண்டு. விடுமுறைக்குச் சென்று வாங்கி வருவோருக்கு இல்லை. 2021 ஜனவரி முதல் பிரித்தானியாவும் இதே நிலைக்கு வந்துவிட்டது. லண்டன் வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இடப்பக்கம் ஓடும் நாட்டுக்கென அமைந்த அதன் முன்விளக்கு, இங்கு எதிரே வருபவரின் கண்ணில் ஒளியைப் பாய்ச்சும். அதனை மாற்றவேண்டும். மலிவு என்று எண்ணி வாங்கிய வண்டி, இச்செலவுகளைக் கூட்டிப் பார்க்கும்போது மலிவாக இருப்பதில்லை.

வெளிநாட்டுத் தகட்டுடனேயே ஓடித் திரியலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். 2022 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள வீதிச் சட்டத்தின் 93-பிஸ் பிரிவின்படி, வெளிநாட்டில் பதிந்த சொந்த வாகனத்துடன் இங்கு வந்து குடிப்பதிவு பெற்றவர், மூன்று மாதத்துக்குள் அதனை இங்கு பதிந்தாக வேண்டும். வாகனம் வெளிநாட்டில் வாழும் உறவினருக்குச் சொந்தமானது, நாம் இரவலாக ஓட்டுகின்றோம் என்றால், அதற்கான கையொப்பமிட்ட பத்திரம், நாள் உறுதிப்படுத்தப்பட்டதாக, வண்டியிலேயே இருக்கவேண்டும். ஆண்டில் 30 நாட்களுக்கு மேல் ஓட்டுவதாயின் வெளிநாட்டு வாகனங்களுக்கான சிறப்புப் பதிவேட்டிலும் பதியவேண்டும். பதியவேண்டிய சொந்த வாகனத்தைப் பதியாது ஓட்டிப் பிடிபட்டால் தண்டப்பணம் 400 யூரோவில் தொடங்கும், பத்திரம் பறிக்கப்படும், 30 நாட்களுக்குள் பதியாவிடில் வண்டியே அரசுடைமையாகலாம்.

ஒரே சட்டம் இட்ட இரு தடைகள்

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பயனுடையது. வெளிநாட்டுத் தகடுகள் மீதான கடுமையான தடை முதலில் வந்தது 2018 டிசம்பரில். இத்தாலியில் 60 நாட்களுக்கு மேல் குடியிருப்பவர் வெளிநாட்டுத் தகடுள்ள வாகனத்தை ஓட்டலாகாது என்று அது விதித்தது. அந்த விதி தனியாக வந்ததன்று. 'பாதுகாப்பு ஆணை' என்று பெயர் பெற்ற 132/2018ஆம் இலக்கச் சட்டத்தின் ஒரு பிரிவாகவே அது வந்தது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, தஞ்சம் கோரியோரின் அனுமதிப் பத்திரம் குடிப்பதிவுக்கு ஆதாரமாகாது என்று கூறியது. அதாவது, வெளிநாட்டு வண்டியை இங்கு பதிந்தே ஆகவேண்டும் என்று ஒரு கையால் எழுதிய சட்டம், பதிவதற்கு வேண்டிய குடிப்பதிவைத் தஞ்சம் கோரியோரிடமிருந்து மறு கையால் பறித்தது.

இதனை வெளிப்படையாக எதிர்த்த நகரங்களுள் பலெர்மோ முதன்மையானது. 2019 ஜனவரியில் அந்நாள் நகரபிதா லெயோலூக்கா ஒர்லாந்தோ, குடிப்பதிவு பற்றிய பிரிவை நடைமுறைப்படுத்துவதை நிறுத்திவைக்குமாறு தமது அலுவலர்களுக்குப் பணித்தார். நாடெங்கும் பெரும் விவாதம் எழுந்தது. 2020 ஜூலையில் வெளியான தமது 186ஆம் இலக்கத் தீர்ப்பில், இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் அப்பிரிவு சமத்துவத்துக்கு முரணானது என்று கூறி நீக்கியது. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்டதாகச் சொல்லப்பட்ட விதி, மக்கள் எங்கு வாழ்கின்றனர் என்று அரசு அறிவதையே கடினமாக்குகின்றது என்பது நீதிமன்றம் சுட்டிய முரண்பாடு. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த புதிய ஆணை, தஞ்சம் கோரியோர் குடிப்பதிவு பெறவும், இத்தாலிக்குள் மட்டும் செல்லுபடியாகும் மூன்றாண்டு அடையாள அட்டை பெறவும் வழி செய்தது.

வாகனப் பிரிவும் நீடிக்கவில்லை. ஸ்லோவாக்கியாவில் பதியப்பட்ட காரொன்றை இத்தாலியில் வாழும் ஒருவர் ஓட்டியதால் எழுந்த வழக்கில், இரவலாகப் பெற்ற வாகனத்தையும் இவ்வாறு பதியக் கட்டாயப்படுத்துவது ஒன்றியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அக்காலத்திலேயே இத்தாலிய நாடாளுமன்றம் பழைய விதியை அகற்றி, மேலே கூறிய 93-பிஸ் பிரிவை இயற்றியது. இவ்வரலாற்றில் எமக்கு ஒரு செய்தி உண்டு. தஞ்சம் கோரியவருக்குக் குடிப்பதிவு என்பது எவரோ இரங்கித் தரும் சலுகையன்று. நீதிமன்றம் உறுதி செய்த உரிமை அது. அலுவலக வாசலில் "உமக்கு இல்லை" என்று எவரேனும் கூறினால், மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், தொழிற்சங்கங்களின் 'பத்ரொனாத்தோ' உதவி நிலையங்களை நாடுவதும் தகும்.

இரவல் பெயரின் ஆபத்து

ஆயினும் எம்மவரிற் சிலர் அலைச்சலுக்கு அஞ்சிக் குறுக்கு வழியை நாடுகின்றனர். சொஜோர்னோவும் குடிப்பதிவும் உள்ள ஓர் அண்ணரின் பெயரில் வண்டியைப் பதிந்து, இல்லாத தம்பி ஓட்டுவது அந்த வழி. இது பாசத்தினால் நிகழ்வது என்பதை நாம் மறுக்கவில்லை. புதிதாய் வந்தவருக்குப் படுக்க இடமும் உடுக்க உடையும் கொடுத்த சமூகம், பெயரையும் கொடுக்கத் தயங்குவதில்லை. ஆனால் சட்டம் பாசத்தை அறியாது.

தண்டப்பணச் சீட்டுகள் பெயருக்குரியவரின் முகவரிக்கே வரும். ஆண்டுவரியும் அவரிடமே கேட்கப்படும். கட்டாது விட்டால், அவருடைய வேறு வாகனத்தின் மீதும் தடை விழலாம். இவை பணத்தோடு போய்விடும். விபத்து நேர்ந்தால் நிலைமை பாரதூரமானது. இத்தாலியக் குடியியற் சட்டத்தின் 2054ஆம் பிரிவின்படி, ஓட்டியவரோடு சேர்த்து உரிமையாளரும் நட்டஈட்டுக்குப் பொறுப்பாவார். தமது விருப்பத்துக்கு மாறாக வண்டி எடுத்துச் செல்லப்பட்டது என்று நிரூபித்தாலன்றி அவருக்குத் தப்ப வழியில்லை. காப்புறுதி காலாவதியான ஒரு நாளில் தம்பி ஒரு முதியவரை மோதிவிட்டால், அண்ணர் இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்ததும் போய்விடக்கூடும். இதற்கு மேலாக, உண்மையான உரிமையாளரை மறைக்கும் போலிப் பதிவை 2010இல் வீதிச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 94-பிஸ் பிரிவு வெளிப்படையாகத் தடை செய்கின்றது.

ஓட்டுபவருக்கும் நன்மையில்லை. வண்டி தம்முடையது என்று அவரால் காட்ட முடியாது. அண்ணருடன் மனம் கசந்தால், அல்லது அண்ணர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தால், தமது பணத்தில் வாங்கிய வண்டியை அவரால் விற்கவும் இயலாது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் கதைதான்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். கையொப்பமிட்டுக் கொடுத்தாயிற்று, இனி அவர் பாடு என்று இருந்துவிடக் கூடாது. பெயர் மாறியதா என்பதை விசூரா எடுத்துப் பார்க்கவேண்டும். வாங்கியவர் பதியாதிருந்தால், விற்பனைச் சான்றைக் காட்டி, தமது பாதுகாப்புக்காகத் தாமே பதியச் செய்யும் வழியும் சட்டத்தில் உண்டு.

குடும்பத்துக்கு உதவும் காப்புறுதி விதி

பெயர் மாற்றத்தின் பின் மிஞ்சும் பெருஞ் செலவு காப்புறுதி. தென் இத்தாலியில் இதன் கட்டணம் வடக்கைவிடப் பொதுவாக அதிகம். புதிதாகக் காப்புறுதி செய்பவர் உயர்ந்த கட்டண வகுப்பிலேயே தொடங்கவேண்டும். கட்டணத்துக்கு அஞ்சிக் காப்புறுதியின்றி ஓடுவோர் பிடிபட்டால் எண்ணூறு யூரோவுக்கு மேற்பட்ட தண்டம் காத்திருக்கின்றது, வண்டியும் கைப்பற்றப்படும். 2015 ஒக்டோபருடன் காப்புறுதிச் சீட்டை வண்டியில் ஒட்டிக் காட்டும் முறை நின்றுவிட்டது. சீட்டு இல்லாததால் தெரியாது என்று எண்ணவேண்டாம். இலக்கத் தகட்டைக் கொண்டே கணினியில் பார்த்துவிடுகின்றனர்.

ஆனால் எமது குடும்பங்கள் போதியளவு பயன்படுத்தாத ஒரு வசதி உண்டு. ஒரே வீட்டில் ஒரே குடும்பமாகக் குடிப்பதிவு பெற்றிருப்போரில் ஒருவருடைய நல்ல கட்டண வகுப்பை மற்றவர் தமது வாகனத்துக்கும் பெறலாம் என்று 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வகை செய்தது. அப்போது மகிழுந்தின் வகுப்பை மகிழுந்துக்கே பெறலாம். 2020 பெப்ரவரி முதல், பொறுப்பேற்க வேண்டிய விபத்து கடந்த ஐந்து ஆண்டுகளில் இல்லாதிருந்தால், தந்தையின் காருக்குரிய வகுப்பை மகனின் மோட்டார் சைக்கிளுக்கும் பெறலாம். இங்கும் திறவுகோல் குடிப்பதிவே. குடும்பப் பதிவில் பெயர் இல்லாத மகனுக்கு இச்சலுகை இல்லை.

தொகுத்து நோக்கின் ஒழுங்கு இதுவாகும். முதலில் மாநகரசபையில் உங்களைப் பதியுங்கள். பின்னர் விசூரா எடுத்து வண்டியை அறியுங்கள். விலை பேசிக் கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தி, 60 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காப்புறுதி செய்த பின்னரே வீதியில் இறக்குங்கள். முதற் பதிவிலிருந்து நான்காம் ஆண்டிலும், பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் வரும் தகுதிச் சோதனையைத் தவறவிடாதீர்கள். வெளிநாட்டு வண்டியாயின், அதனைக் கப்பலில் ஏற்றுமுன் பத்திரங்களின் பிரதியை இங்குள்ள அஜென்சியா ஒன்றிடம் காட்டி, மொத்தச் செலவை எழுத்தில் கேட்டறியுங்கள்.

எம்மவரிற் பலர் பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றிச் சொல்லி எல்லைகளைக் கடந்தவர்கள். உயிர் பிழைக்க அது வேண்டியிருந்தது. வந்து சேர்ந்து, உழைத்து, வாடகை கொடுத்து வாழும் ஊரில் அந்த நிலை தொடரவேண்டியதில்லை. அறுநூறு யூரோ பெறுமதியான பழைய ஸ்கூட்டர் சிறிய பொருளே. எனினும் அதன் பத்திரத்தில் தமது பெயரும் பலெர்மோ முகவரியும் சேர்ந்து அச்சிடப்பட்டிருப்பது, வதிவிட அனுமதிக்கு அடுத்தபடியாக ஒருவர் இந்நாட்டில் பெறும் முதற் சொத்துப் பத்திரமாகவும் அமையலாம். அதனை இரவல் பெயரில் விட்டுவிடாதிருக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.